திரும்பி வரும் பிள்ளைக்கு எந்த வகுப்பு?

அத்தியாயம் ஒன்பது

மதினியும் நாத்தனாரும் பேச்சை நிறுத்திவிட்ட வீட்டில் நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளை படும் பாடு அனுபவித்தவருக்குத்தான் தெரியும். சௌந்தரபாண்டியனுக்கு அன்று ஆறாவது நாள்.

"என்னங்க, தோசை ஆறுதுன்னு ஒங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க."

தங்கச்சி மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பசியில்லன்னு மதினிகிட்டச் சொல்லிருங்கண்ணே."

சௌந்தரபாண்டியன் இரண்டையும் சொல்லவில்லை. தன் தோசையைத் தின்றான்.

தீபாவளிக்கு முந்தின நாள் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலையடிவாரத்து ஊத்துப்பாறைப் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்களாம் என்று பேச்சு வந்தபோது, "மூடட்டுமே, அந்தப் பள்ளிக்கூடத்தால யாருக்கு என்ன பிரயோசனம்?" என்றாள் அவன் பெண்டாட்டி ராஜாத்தி. அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருக்கும் தங்கச்சி ஞானசெல்விக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கைநாட்டு வைக்கிறவுகளுக்குப் படிப்போட அருமை எங்க தெரியப்போகுது?" என்று கேட்டுவிட்டாள். ராஜாத்தி முகம் கறுத்து அடுப்படிக்குள் போனவள்தான். அன்றிலிருந்து தூது எல்லாம் சௌந்தரபாண்டியன் வழியாக.

ஆனால் சனிக்கிழமையான அன்று தூது போக அவனுக்கு நேரமில்லை. அவன் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் உதவி இன்ஸ்பெக்டர். ஊத்துப்பாறையில் வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள் புதிதாகச் சேர்கின்றன, ஆவணிக்குள் முப்பதுக்கு மேல் நின்றுவிடுகின்றன. ஏன் என்று விசாரிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. விசாரணைக்கு முன்னால், என்ன கேள்வி கேட்கப் போகிறாய், யாரிடம், எப்போது என்று எழுதி அனுப்ப வேண்டும். அவர்கள் சம்மதித்த கேள்வியைத்தான் கேட்கலாம். வருகிற பதிலை வைத்துப் பள்ளிக்கூடம் இருக்கும் அல்லது மூடப்படும். மாலை நாலு மணித் தபால் வண்டியில் உறை ஏறாவிட்டால் கெடு தாண்டிவிடும்.

சௌந்தரபாண்டியன் பன்னிரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தான். கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருந்தது. ஞானசெல்வி தாளை இழுத்து முதல் கேள்வியை உரக்க வாசித்தாள்.

"'பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்வியில் அசட்டையாயிருப்பதற்குக் காரணங்கள் யாவை?' அசட்டையா இருக்காகன்னு யாருண்ணே சொன்னது?"

"பிள்ளைக நிக்குதுல்ல?"

"நிக்குதுன்னு தெரியும். அசட்டைன்னு தெரியாதே! பதில உள்ள வச்சுத் தச்சுட்டுக் கேள்வின்னு நீட்டுனா, அப்புறம் எதுக்கு ஊரு ஊராப் போயிக் கேக்கணும்? வீட்லயே எழுதிக்கிற வேண்டியதுதான்."

சௌந்தரபாண்டியன் பேனாவை அவள் பக்கம் தள்ளினான். "நீ எழுது, பாப்போம்."

அவள் எழுதினாள்: 'ஊத்துப்பாறைப் பள்ளிக்கூடத்தால் பிள்ளைகள் அடைந்துவரும் நன்மைகள் யாவை?'

அண்ணன் சிரித்துவிட்டான். "இதுல மட்டும் பதில் இல்லையாக்கும்? பள்ளிக்கூடம் போயிருமோன்னு ஒனக்குப் பயம். ஒழுங்காப் பாக்கலன்னு மேல சொல்லிருவாகளோன்னு எனக்குப் பயம். ரெண்டு பேரும் பயத்த எழுதி அதுக்குக் கேள்வின்னு பேரு வச்சிருக்கோம்."

ஞானசெல்விக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் பேனாவை எடுத்துத் தன் கேள்வியைத் தானே குறுக்கே அடித்தாள். இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். தன் தப்பைக் காட்டினால் முகம் சிவக்கும். ஆனால் கை மட்டும் சரியானதைச் செய்துவிடும்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இந்தக் கேள்வியெல்லாம் எப்பக் கேக்கப்போறீகளாம்?"

"கார்த்திகையில. வீட்டுக்கு வீடு போயி."

"கார்த்திகையில ஊத்துப்பாறையில யாரு இருப்பாகன்னு ஒங்க தங்கச்சிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார்த்திகை ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக நடக்கும் மாதம். குடும்பம் குடும்பமாக மலை ஏறிவிடுவார்கள். மாசி கழிந்துதான் இறங்குவார்கள்.

"கோழியும் நாயுந்தேன் கெடக்கும்." ராஜாத்தி கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள். "பூட்டுன கதவுகிட்டயா கேப்பீக? மலைக்குப் போகாதவுக நாலஞ்சு வீடு இருக்கும். அவுக பிள்ளைகதேன் நிக்கவே இல்லையே, அவுக என்னத்தச் சொல்வாக? இப்பத் தீபாவளிக்குன்னு எறங்கி வந்துருக்காக. இன்னைக்கு உச்சிப் பொழுதுக்குள்ள திரும்ப ஏறிருவாக. கேக்கணும்னா வெரசாப் போகணும்."

படித்த இரண்டு பேருக்கும் தோன்றாதது இது. சௌந்தரபாண்டியன் ஒரு வாரமாக என்ன கேட்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். யாரைக் கேட்பது, அவர்கள் எப்போது இருப்பார்கள் என்பதை ராஜாத்தி தோசை சுட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"நான் போனா இன்ஸ்பெக்டரு வந்துட்டாருன்னு ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக" என்றான் அவன். "செல்வி, நீ போ. விசாரணையா இல்ல, என்ன கேக்கலாம்னு தெரிஞ்சுக்கிட்டு வரத்தான். ராஜாத்தி, நீயும் போயேன். ஒன்னைய எல்லாருக்கும் தெரியும்."

தெரியும்தான். ராஜாத்தியின் அப்பா வருஷா வருஷம் பறிப்புக் காலத்தில் மலைமேல் பலசரக்குக் கடை போடுகிறவர். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏறி, கடையோடு இறங்குவார். பறிக்கிற பெண்களுக்கு அவள் இன்னமும் கடைக்காரர் மகள்தான்.

வில் வண்டியில் இருவரும் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வாய் திறந்தவர் வண்டிக்காரர் ஒருவர்தான், அதுவும் மாட்டோடு.

ஊத்துப்பாறையில் முதலில் பள்ளிக்கூடம். ஆவணியில் யார் யார் பெயரை அடித்தோம் என்று தெரிந்தால்தானே அவர்களைத் தேட முடியும்? அடுத்த வீட்டிலிருந்த தலைமை வாத்தியார் ராக்கையா இரும்புப் பெட்டியைத் திறந்து சேர்க்கை ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தார். இருபத்துநாலு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தைத் தன் கையாலேயே கூட்டி, மெழுகி, நடத்தி வருகிற மனிதர்.

"வெளிய கொண்டுபோற வழக்கமில்லம்மா. ஒங்களுக்காகத் தர்றேன். சீக்கிரமாக் கொண்டாங்க."

மலைப்பாதை தொடங்கும் புளியமரத்தடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. அரிசி மூட்டை, கம்பளி, அட்டைப்பூச்சி கடிக்காமல் காலில் பூசப் புகையிலைத் தண்ணீர், மடியில் கைப்பிள்ளை. ஞானசெல்வி ரிஜிஸ்டரில் ஆவணியில் அடித்த முதல் பெயரைப் பார்த்தாள். செல்லக்கிளி. அவளுடைய ஆத்தா கருத்தம்மா தலைச்சுமையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கருத்தம்மா, கிளிய ஏன் பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்துனீக?"

கருத்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நிறுத்தலியே, வாத்தியாரம்மா."

"ஆவணி கடைசியிலயே பேரு அடிச்சாச்சே."

"அது நீங்க அடிச்சது. நாங்க எங்க நிறுத்துனோம்? மலைக்குப் போறோம், பங்குனியில வந்துருவாள்ல."

ஞானசெல்வி கொண்டுவந்த கேள்வி ஒரே அடியில் படுத்துவிட்டது.

அப்போது ராஜாத்தி குனிந்து, கருத்தம்மாவின் மூட்டைக்கு ஒரு கை பிடித்துக் கயிற்றை இறுக்கினாள். இறுக்கியபடியே, கடையில் சாமான் விலை விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்.

"கருத்தம்மாக்கா, கிளி எத்தன பங்குனி பள்ளிக்கூடத்துல சேந்துருக்கா?"

"மூணு."

"எந்த வகுப்புல ஒக்கார வச்சாக?"

"ஒண்ணுலதேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையுந்தேன்." கருத்தம்மா கயிற்றை விட்டுவிட்டு நின்றாள். "நானே ஒரு நாளைக்குக் கேக்கணும்னு இருந்தேன் தாயி. வாத்தியாரம்மா கோவிச்சுக்கிருவாகளோன்னு கேக்கல. மூணு வருசமா எம்மக ஒரே பொஸ்தகத்தத்தேன் வாசிக்கிறா. படிப்புன்னா அம்புட்டுத்தேனா? இல்ல, இதுக்கு மேல இருக்குறது எங்க பிள்ளைகளுக்குக் கெடையாதா?"

செல்லக்கிளி ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து வயது இருக்கும். சொல்லிக் காட்டு என்று ராஜாத்தி சொன்னதும், முதல் பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கையில் புத்தகம் இல்லை. ஆனால் பக்கம் முடிகிற இடம் வந்தபோதெல்லாம் விரல் தானாகக் காற்றில் தாளைப் புரட்டியது. கடைசிப் பக்கம் வரை ஓர் எழுத்து தப்பவில்லை.

ஞானசெல்வி அங்கேயே வேரில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பிரித்தாள்.

இந்த வருஷம் பங்குனி: செல்லக்கிளி, தகப்பன் காசிமாயன், வயது ஏழு. போன வருஷம் பங்குனி: கிளியம்மாள், தகப்பன் மாயன், வயது ஏழு. அதற்கு முந்தின வருஷம்: செல்லக்கிளி, வயது ஏழு. ஒவ்வொன்றுக்கும் புது நம்பர். ஒவ்வொன்றுக்கும் ஒன்றாம் வகுப்பு. இந்த வருஷப் பதிவு ஞானசெல்வியின் கையெழுத்திலேயே இருந்தது.

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். "ஒரு மாசம் வரலன்னா பேரு அடிக்கணும். பேரு அடிச்சா, திரும்பி வர்றப்பப் புது நம்பர். புது நம்பர்னா ஒண்ணாம் வகுப்பு" என்று ராக்கையா சொன்னார். அவள் எழுதினாள். எதிரே நின்ற பிள்ளையின் உயரத்தைப் பார்த்தும் ஏழு வயது என்று எழுதினாள். அன்று முப்பது பிள்ளைகளுக்கு அப்படி எழுதியிருந்தாள்.

ராக்கையாவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். விதி என்று அவர் நம்பியதை இம்மி பிசகாமல் செய்தார். புதுச் சேர்க்கை அதிகம் என்று ஒவ்வொரு வருஷமும் மேலிடத்தில் பாராட்டும் வந்தது. பிள்ளைகள் வந்து வந்து நின்றுவிடுகின்றன என்று மூடப் பார்க்கிற இப்போதைய கணக்கும் அதே எண்ணிலிருந்து பிறந்ததுதான்.

விரலை ஓட்டி ஓட்டி அரை மணி நேரம் பார்த்தாள். இந்த வருஷம் பெயர் அடித்த முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தாறு, முந்தின வருஷங்களிலும் இருந்தன. தலை நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. ஆறு நாளுக்குப் பிறகு நேராகப் பேசினாள்.

"மதினி, பிள்ளைக நிக்கவே இல்ல. அதே பிள்ளைகதான் திரும்பத் திரும்ப வருது. வருசா வருசம் நாமதான் தொடக்கத்துக்குத் தள்ளி விடுறோம்."

ராஜாத்தியின் முகம் என்னவோ போலிருந்தது. வெயில் என்று ஞானசெல்வி நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் மலை ஏறத் தொடங்கியது. செல்லக்கிளி தன் பங்குக்கு ஒரு சின்ன மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். பெரியவர்கள் அசட்டை என்று பெயர் வைத்திருந்தது இந்தப் பிள்ளைக்குத்தான். ஏற்கெனவே மனப்பாடமான புத்தகத்துக்காக மூன்று வருஷம் மலையிலிருந்து இறங்கி வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பிடிவாதத்தில் பாதி எனக்கு இருந்திருந்தால் நானும் எங்கேயோ போயிருப்பேன்.

ரிஜிஸ்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது, பிரித்துக் கிடந்த பழைய பக்கங்களை ராக்கையா கவனித்தார்.

"பழைய நம்பரெல்லாம் எதுக்கும்மா பாத்தீக?"

ஞானசெல்வி மறைக்கவில்லை. பார்த்ததைச் சொல்லி, "திரும்பி வர்ற பிள்ளைய ஏன் வாத்தியாரய்யா மறுபடியும் ஒண்ணுலயே ஒக்கார வைக்கிறோம்?" என்றும் கேட்டாள். அவர் ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

போடியில் வீட்டுக்குத் திரும்பும்போது மணி மூன்று. சௌந்தரபாண்டியன் தங்கை சொன்னதை எல்லாம் கேட்டான். முடிந்ததும் பன்னிரண்டு கேள்விகள் எழுதிய தாளை நாலாக மடித்துப் பெஞ்சுக் காலுக்கு அண்டை கொடுத்தான். ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்த பெஞ்சு நின்றது.

"சொல்லு. எழுதுறேன்."

ஞானசெல்வி சொல்லச் சொல்ல எழுதினான். 'ஏலக்காய்ப் பறிப்புக்கு மலைக்குப் போய்த் திரும்பி வரும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைக்கிறீர்கள்?' கேட்க வேண்டியவர்கள்: மலையடிவாரப் பள்ளிக்கூடங்களின் வாத்தியார்களும், மலை ஏறுகிற பெற்றோரும், அந்தப் பிள்ளைகளும். காலம்: அவர்கள் இறங்குகிற பங்குனி; அதற்கு முன்னால் கேட்பதானால் பறிப்பு நடக்கிற மலையிலேயே.

பேனா நின்றது.

"செல்வி, இதக் கேட்டா மொத வெளிய வர்றது ஒங் கையெழுத்து. தெரியுதா?"

"தெரியுது."

"வேலையே போயிரலாம்."

"காலையில எழுதுனது பள்ளிக்கூடத்தக் காப்பாத்தணும்னு எழுதுனது, அண்ணே. இது அப்படியில்ல. நம்ம பள்ளிக்கூடத்துல என்ன நடக்குதுன்னு பாத்துட்டேன். மத்த மலையடிப் பள்ளிக்கூடத்துல என்ன செய்றாக, விட்ட எடத்துலருந்து சொல்லிக் குடுத்தா பிள்ளைக மேல போகுமான்னு எனக்குத் தெரியல. எனக்குச் சாதகமா வருமா பாதகமா வருமான்னும் தெரியல. அதான் கேக்கணும்னு சொல்றேன். எழுதுங்க."

சௌந்தரபாண்டியன் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். இவளைத்தானா காலையில் பயந்தவள் என்று சொன்னோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. கேள்வியைச் சுத்தப் பிரதி எடுத்து உரக்க வாசித்தான்.

செம்பில் தண்ணீர் கொண்டுவந்த ராஜாத்தி வாசலிலேயே நின்றாள்.

"அத இன்னொருக்க வாசிங்க."

வாசித்தான். 'திரும்பி வரும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைக்கிறீர்கள்?'

"ஒண்ணாம் வகுப்புல" என்றாள் ராஜாத்தி. "எழுதிக்கோங்க."

"யார?"

"என்னையத்தேன்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "நானும் ஊத்துப்பாறையிலதேன் படிச்சேன். எங்கப்பா கடை போட மலைக்கு ஏறுவாருல்ல, அவரோட போயிருவேன். எறங்கி வந்தா ஒண்ணாம் வகுப்பு. மறு வருசமும் ஒண்ணாம் வகுப்பு. மூணாவது பங்குனியில எல்லாரையும் விட நாந்தேன் ஒசரம். மக்கு, மக்குன்னு சின்னதுகளெல்லாம் கத்தும். எங்கப்பாவும் பாத்தாரு, இதுக்குப் படிப்பு ஏறலன்னு நிறுத்திப்புட்டாரு. நானும் மக்குத்தேன்னு நெனச்சுட்டேன். இன்னைக்கு அந்தக் கிளி சொல்றதக் கேக்குற வரைக்கும், இருவது வருசமா அப்படித்தேன் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ஞானசெல்வி எழுந்து போய் மதினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நான் அன்னைக்குச் சொன்னது..."

"கைநாட்டுன்னு சொன்ன. சொல்லிட்டுப் போ. நேரமாகுது, அழுகுறத அப்புறம் வச்சுக்கிருவோம். என்னங்க, நான் சொன்னத எழுதுனீகளா?"

மாதிரிக்கு ஒரு பதில் என்று தலைப்பிட்டு அவன் எழுதினான். அச்சுக் கோத்த எழுத்து முதல் தடவையாகக் கோணியது. கீழே, சொன்னவர் பெயர் இட வேண்டிய இடம். கல்யாணமான ஒன்பது வருஷப் பழக்கத்தில், கட்டைவிரலுக்கு மை தடவ அவன் மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"பேனாவக் குடுங்க" என்றாள் ராஜாத்தி.

குனிந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு புளியங்கொட்டை அளவு. தப்பில்லாமல் இருந்தது: ராஜாத்தி.

"எழுதத் தெரியுமா ஒனக்கு?" சௌந்தரபாண்டியன் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான். "ஏன் இத்தன நாளா..."

"மூணு வருசம் அதத்தான எழுதுனேன், தெரியாமயா போகும்? தப்பாப் போயி, மக்குன்னு மறுபடியும் யாராச்சும் சொல்லிட்டா? கட்டைவிரலு தப்புப் போடாதுல்ல. போங்க, வண்டி போயிரும்."

அவன் சட்டைப் பித்தானைப் போட்டபடியே ஓடினான். தெருவைக் கடந்து, சந்தைக் கூட்டத்தில் புகுந்து, தபாலாபீஸ் படியை எட்டியபோது மணி நாலாக ஐந்து நிமிஷம். வண்டியில் மாடு பூட்டியாகிவிட்டது.

அவனுக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். ஊத்துப்பாறையிலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருக்க வேண்டும். முழங்கால் வரை செம்புழுதி, வேட்டி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. தலைமை வாத்தியார் ராக்கையா. கையில் நீள உறை. சௌந்தரபாண்டியன் கையிலிருந்த உறையில் இருந்த அதே விலாசம்.

"வாத்தியாரய்யா, இது..."

"ஒண்ணும் கேக்காதீக தம்பி." ராக்கையா உறையை உள்ளே நீட்டினார். "ஒங்க தங்கச்சி கேட்டுட்டுப் போயிருச்சு. இருபத்துநாலு வருசத்துல என்னைய ஒருத்தரும் கேக்காத கேள்வி."

சொல்லிவிட்டு வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

இரண்டு உறைகளும் ஒரே பையில் விழுந்தன. வண்டி மதுரை ரஸ்தாவில் திரும்பி மறையும் வரை சௌந்தரபாண்டியன் படியிலேயே நின்றான். ஓர் உறைக்குள் அவன் பெண்டாட்டியின் கையெழுத்து முதல் தடவையாக ஊரைவிட்டுப் போகிறது. மற்ற உறைக்குள் இருப்பது மன்னிப்பா, ஞானசெல்வியின் மேல் புகாரா என்று அவனுக்குத் தெரியவில்லை.